கோணல் புள்ளியின் கணக்கு

மாதுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு தமிழரை நிறுத்தி, இந்த நகரத்துக்கு நம்மவர்கள் தந்தது என்ன என்று கேளுங்கள். பட்டியல் தயாராக இருக்கும். ஃபோர்ட் பகுதி அலுவலகங்களில் டைப்ரைட்டர் முன்னால் தேய்ந்த தலைமுறைகள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் உழைத்த தாராவித் தோல் பட்டறைகள். விடியற்காலையில் தலையில் பாத்திரத்துடன் கிளம்பும் இட்லி வியாபாரிகள். 1932-ல் மாதுங்காவில் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம். ஷண்முகானந்தா ஹால். செம்பூர் சேடா நகர் முருகன் கோயில். கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, வரதராஜ முதலியார் பெயரையும் சொல்வார்கள்.

அந்தப் பட்டியலில் கணிதம் வராது. கணக்கு வரும், ஆடிட்டர் வீட்டுக் கணக்கு. கணிதம் வராது.

இத்தனைக்கும் இதே நகரத்தின் தென்கோடியில், கொலாபா கடற்படைக் குடியிருப்புப் பக்கம், அரபிக்கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு கட்டடத்தில் நம்மவர்கள் பெரிய வேலை ஒன்றைச் செய்திருக்கிறார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். அங்கே பிறந்த தேற்றம் ஒன்றை உலகம் 'நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம்' என்கிறது. எம்.எஸ். நரசிம்மன் வட ஆற்காடு தண்டரைக்காரர். சி.எஸ். சேஷாத்ரி காஞ்சிபுரத்தில் பிறந்தவர். இருவரும் 1932-ல் பிறந்தவர்கள். சென்னை லயோலா கல்லூரியில் படித்தவர்கள். 1953-ல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தவர்கள். ராமானுஜன் பெயரைக் கேள்விப்படாத தமிழர் கிடையாது. இந்த இருவரின் பெயரைக் கேள்விப்பட்ட தமிழரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

காரணம் எளிது. இவர்களிடம் கதை இல்லை. கனவில் நாமகிரித் தாயார் வரவில்லை. கடல் கடக்கத் தடை இல்லை. கரும்பலகை, நூலகம், மாதச் சம்பளம், மதியம் ஒரு காபி. இதை வைத்துக்கொண்டு யார் சினிமா எடுப்பார்கள்?

ஆனால் செய்த வேலை சாதாரணமல்ல. இயற்கணித வடிவியல் என்கிற துறையில், இன்டர்செக்ஷன் கோஹோமாலஜி என்றும் மோட்டிவ் என்றும் இரண்டு பெரிய விஷயங்கள் உண்டு. பெயரைக் கேட்டு ஓட வேண்டாம். இரண்டும் பம்பாய் வழியாகப் போயிருக்கின்றன. ஒரு மெதுவடையும் இரண்டு பலூன்களும் இருந்தால் விளக்கிவிடலாம்.

முதலில் வடை. அதன் மேல்தோலை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று கேள்விகள். அது எத்தனை துண்டு? ஒன்று. அதன்மேல் நூலைச் சுற்றி, அறுக்காமல் ஒரு புள்ளியாகச் சுருக்க முடியாதபடி எத்தனை வகையில் கட்டலாம்? இரண்டு: ஓட்டையைச் சுற்றி ஒன்று, ஓட்டைக்குள் நுழைத்து ஒன்று. உள்ளே எத்தனை அறைகளை அது அடைக்கிறது? ஒன்று. ஆக, வடையின் ஜாதகம் 1, 2, 1. பலூனுக்கு 1, 0, 1, ஏனென்றால் பலூன்மேல் எந்த நூலையும் நழுவவிட்டுச் சுருக்கிவிடலாம். இப்படி ஒரு வடிவத்துக்கு எண்களால் ஜாதகம் எழுதும் கலைக்குத்தான் கோஹோமாலஜி என்று பெயர்.

எண்களைக் கவனியுங்கள். 1, 2, 1. 1, 0, 1. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே. 'விகடகவி' மாதிரி. இது தற்செயல் அல்ல. கோணல் இல்லாத, வழவழப்பான, ஓரம் மூடிய எந்த வடிவத்துக்கும் இது பொருந்தும் என்று 1890களில் கண்டவர் பிரான்சின் பாய்ன்காரே. வடைமேல் கட்டிய இரண்டு நூல்களும் ஒன்றையொன்று ஒரே இடத்தில் வெட்டிக்கொள்கின்றன அல்லவா? ஒவ்வொரு நூலுக்கும் அதை வெட்டும் ஒரு ஜோடி உண்டு. அந்த ஜோடிப் பொருத்தம்தான் விகடகவிக்குக் காரணம். வெட்டுதல்தான் 'இன்டர்செக்ஷன்'.

இனி பலூன்கள். இரண்டு பலூன்களை ஒரே ஒரு புள்ளியில் ஒட்டிவிடுங்கள். எத்தனை துண்டு? ஒட்டியாயிற்று, எனவே 1. நூல்? 0. அடைபட்ட அறைகள்? 2. ஜாதகம் 1, 0, 2. விகடகவி போயிற்று. ஒட்டிய அந்த ஒரு புள்ளி, முழு ஜாதகத்தையும் கெடுத்துவிட்டது. இப்படிப்பட்ட புள்ளிக்குக் கணித நூல்களில் கனமான பெயர் உண்டு. நாம் கோணல் புள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

கோணலே இல்லாத வடிவங்களோடு நிறுத்திக்கொண்டால் என்ன? முடியாது. கோணல், நாம் தேடாமலே வந்து நிற்கும். சேஷாத்ரியின் வேலையிலேயே அப்படித்தான் வந்து நின்றது.

நரசிம்மனும் சேஷாத்ரியும் ஆராய்ந்தவை வெக்டர் பண்டில்கள். வடைத்தோல் போன்ற ஒரு பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும், கதிர்மேல் தாள் மாதிரி, ஒரு தனி வெளியைப் பொருத்துவது. எத்தனை விதமாகப் பொருத்தலாம் என்று ஒரு பட்டியல் போட வேண்டும். விந்தை என்னவென்றால், அந்தப் பட்டியலே ஒரு வடிவமாக அமைகிறது. அதன் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பண்டில். கண்டபடி எல்லாவற்றையும் சேர்த்தால் பட்டியல் உருப்படாது. 'நிலையான' பண்டில்களை மட்டும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் டேவிட் மம்ஃபோர்ட் 1962-ல் ஒரு விதி சொன்னார். அந்த நிலையான பண்டில்களை, பரப்பின்மேல் சுற்றி வரும் பாதைகளையும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுழற்சியையும் வைத்தே முழுமையாக விவரித்துவிடலாம் என்று பம்பாய்க்காரர்கள் 1965-ல் நிரூபித்தார்கள். ஒரு பக்கம் சமன்பாடு, மறு பக்கம் சுழற்சி. இரண்டும் ஒரே பொருள். நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம் இதுதான்.

ஆனால் பட்டியலின் ஓரம் சில சமயம் திறந்து கிடந்தது. அதை மூட, இரண்டாக உடைந்து போகும் பண்டில்களையும் உரிய முறையில் சேர்க்க வேண்டும் என்று 1967-ல் சேஷாத்ரி காட்டினார். ஒவ்வொரு பண்டிலுக்கும் ரேங்க், டிகிரி என்று இரண்டு எண்கள் உண்டு. இரண்டுக்கும் பொது வகுத்தி இல்லை என்றால் உடைய வாய்ப்பே இல்லை. பட்டியல் வழவழப்பாக வரும். பொது வகுத்தி இருந்தால் உடைந்தவை உள்ளே வரும். உடைந்தவை வந்து சேரும் இடங்களில், பெரும்பாலும், கோணல்.

கோணலை என்ன செய்வது? பழைய வழிகள் இரண்டு. ஒன்று, அதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பது. மிச்சத்தில் ஓட்டை விழுந்துவிடும். இரண்டாவது, கோணலை இடித்துவிட்டு அந்த இடத்தில் வழவழப்பான புதிய கட்டடம் எழுப்புவது. இது மதிப்புள்ள வேலை. ரேங்க் 2 பண்டில்களின் பட்டியலுக்கு சேஷாத்ரியே 1970களில் அப்படி ஒரு கட்டடம் எழுப்பினார். அதன் ஜாதகத்தைப் பின்னாளில் அவரும் வி. பாலாஜியும் ஆராய்ந்தார்கள். ஆனால் ஒரே இடத்தில் பல விதமாகக் கட்டலாம். கட்டியவரின் கைவண்ணமும் ஜாதகத்தில் ஏறிவிடும். பழைய வடிவத்தின் பங்கு எது, புதிய கட்டடத்தின் பங்கு எது என்று பிரித்தறிவது கஷ்டம்.

மூன்றாவது வழி 1974-ல் பிறந்தது. பாரிசுக்கு அருகே உள்ள உயர் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் ராபர்ட் மக்ஃபர்சன் என்ற அமெரிக்கரும் அவருடைய மாணவர் மார்க் கோரெஸ்கியும் கண்டுபிடித்தார்கள். கோணலை வெட்டவும் வேண்டாம், இடிக்கவும் வேண்டாம். இருந்த இடத்தில் இருக்கட்டும். மாற்ற வேண்டியது எண்ணும் விதியை. நூல் கட்டும்போதும் பாதை போடும்போதும் கோணல் புள்ளியை எவ்வளவு தூரம் தொடலாம் என்று ஒரு வரம்பு வைப்போம்.

நம் பலூன்களில் பாருங்கள். ஒட்டிய புள்ளி வழியாகப் பாதை போகக் கூடாது என்று விதி வைத்தால், இந்தப் பலூனிலிருந்து அந்தப் பலூனுக்குப் போக முடியாது. அப்போது துண்டுகள் 2. நூல் 0. அறைகள் 2. ஜாதகம் 2, 0, 2. விகடகவி திரும்பி வந்துவிட்டது! இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, பலூன்களைப் பிரித்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். இந்த எளிய உதாரணத்தில் போதும். பரிமாணம் கூடினால் கோணல்களைப் பிரித்தெடுக்க முடியாது. அவை ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். அங்கேயும் இந்த விதி வேலை செய்கிறது என்பதுதான் சாதனை. இன்டர்செக்ஷன் கோஹோமாலஜி என்பது இதுவே. கோணலை எவ்வளவு தொடலாம் என்ற அளவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பெர்வர்சிட்டி', அதாவது வக்கிரம். கணிதக்காரர்களுக்கும் குறும்பு உண்டு.

இந்த முறையைக் கொண்டு, சேஷாத்ரி மூடி வைத்த கோணல் பட்டியல்களின் ஜாதகத்தை 1986-ல் கணித்தவர் ஆக்ஸ்போர்டின் ஃபிரான்சிஸ் கிர்வன். கொலாபாவில் போட்ட முடிச்சு ஆக்ஸ்போர்டில் அவிழ்ந்தது.

இனி இரண்டாவது விஷயம், மோட்டிவ். இதற்கு ஒரு கடிகாரம் வேண்டும். 12 மணிக்குப் பதிலாக 5 மணி மட்டும் உள்ள கடிகாரம். அதில் 0, 1, 2, 3, 4 என ஐந்தே எண்கள். 3-ம் 4-ம் கூட்டினால் 7 அல்ல, 2. இந்த எண்களை மட்டும் வைத்து ஒரு நேர்கோடு போட்டால் அதில் 5 புள்ளிகள். கோட்டின் இரு முனைகளையும் தொலைவில் முடிச்சுப் போட ஒரு புள்ளி. மொத்தம் 6. கடிகாரத்தில் 7 மணி இருந்தால் 8 புள்ளிகள். 11 என்றால் 12. எப்போதும் 'அந்த எண் ஒரு மடங்கு, கூட்டல் 1'. இதே கோட்டைக் கலப்பெண்களில் வரைந்தால் உருண்டு பலூனாகிவிடும். பலூனின் ஜாதகம் 1, 0, 1. 'ஒரு மடங்கு, கூட்டல் 1' என்பதில் உள்ள இரண்டு 1-களும் ஜாதகத்தின் இரு முனைகளில் உள்ள அதே 1-கள்!

கடிகாரத்தில் புள்ளி எண்ணுவதற்கும் பலூனில் அறை எண்ணுவதற்கும் என்ன உறவு? இரண்டும் வேறு வேறு உலகம். இந்த உறவு எங்கும் நிலவ வேண்டும் என்று 1949-ல் ஊகித்தவர் ஆந்த்ரே வேய். அதன் மிகக் கடினமான பகுதியை முடித்து நிரூபணத்தை நிறைவு செய்தவர் பெல்ஜியத்தின் பியர் டெலீன். கட்டுரை 1974-ல் வந்தது.

ஒட்டிய பலூன்களையும் எண்ணிப் பார்க்கலாம். 5 மணிக் கடிகாரத்தில் ஒவ்வொன்றும் 6 புள்ளி; ஒரு புள்ளி பொது; ஆக 11. அதாவது '5 இரண்டு மடங்கு, கூட்டல் 1'. கெட்டுப்போன ஜாதகமான 1, 0, 2 அப்படியே வருகிறது. விகடகவி வேண்டுமானால் கோணல் புள்ளியை ஒன்று என்று எண்ணாமல் இரண்டு என்று எண்ண வேண்டும். அங்கே இரண்டு பரப்புகள் வந்து கூடுகின்றன அல்லவா? அதற்கு எடை 2. மொத்தம் 12, 'இரண்டு மடங்கு, கூட்டல் 2'. ஜாதகம் 2, 0, 2. எவ்வளவு சிக்கலான கோணலாக இருந்தாலும் அதற்கு இப்படி ஓர் எடை உண்டு. அந்த எடையோடு எண்ணினால் கணக்கு சரியாக வரும். பெய்லின்சன், பெர்ன்ஸ்டைன், டெலீன் மூவரும் 1982-ல் வெளியிட்ட நூலில் இது முழு வடிவம் பெற்றது.

கோணலான இடத்தில் இருப்பவர்களை எப்படி எண்ணுவது என்ற கேள்வி, மும்பைக்காரர்களுக்குப் புதிதல்ல. தாராவி மறுசீரமைப்புக்காக 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருப்பவருக்கு ஒரு விதி, பிறகு வந்தவருக்கு ஒரு விதி, மேல்தளத்தில் இருப்பவருக்கு வேறொரு விதி. ஒப்புமையை அதிகம் இழுக்கக் கூடாது. ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லலாம். தாராவியில் யாருக்கு எவ்வளவு எடை என்பதை அரசாணை முடிவு செய்கிறது. கணிதத்தில் அதை அந்த இடத்தின் அமைப்பே முடிவு செய்கிறது. யார் போய் எண்ணினாலும் மாறாது.

சரி, கடிகாரக் கணக்கும் பலூன் கணக்கும் ஏன் ஒத்துப்போகின்றன? ஒரு வடிவத்துக்கு ஜாதகம் எழுத இன்னும் சில வழிகளும் உண்டு. எல்லாவற்றிலும் அதே எண்கள். ஷண்முகானந்தா ஹாலில் கச்சேரி கேட்பவர்களுக்கு இந்த மர்மம் பழக்கமானது. கல்யாணியை வீணையில் வாசிக்கலாம், நாகஸ்வரத்தில் ஊதலாம், குரலில் பாடலாம். ஓசை வேறு, கல்யாணி ஒன்றுதான். அந்தக் கல்யாணி எங்கே இருக்கிறது? வீணையிலா, குழலிலா? எதிலும் தனியாக இல்லை. எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிறது. ஒரு வடிவத்தின் பல ஜாதகங்களுக்கும் பின்னால் அப்படி ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று 1960களில் சொன்னவர் அலெக்சாண்டர் குரோதண்டீக். அதற்கு அவர் வைத்த பெயர் மோட்டிவ். (சேஷாத்ரி கர்நாடக சங்கீதம் முறையாகக் கற்றுப் பாடியவர். அவருக்கு இந்த உதாரணம் தேவைப்பட்டிருக்காது.)

சொன்னால் போதுமா? மோட்டிவ் என்று ஒன்று உறுதியாக இருக்க வேண்டுமானால் சில விஷயங்கள் உண்மையாக வேண்டும். அவை எவை என்று குரோதண்டீக் எழுதிய கட்டுரை ஏழே பக்கம். அது அளிக்கப்பட்ட இடம் பாரிஸ் அல்ல, பிரின்ஸ்டன் அல்ல. பம்பாய். டாடா நிறுவனம் 1968 ஜனவரியில் கூட்டிய இயற்கணித வடிவியல் மாநாடு. அந்த மாநாட்டுத் தொகுதியில் மம்ஃபோர்ட், மைக்கேல் ஆர்ட்டின், ஃபிலிப் கிரிஃபித்ஸ் என்று உலகத்தின் முதல் வரிசை முழுவதும் இருக்கிறது. அவர்களோடு சரிசமமாக சேஷாத்ரியின் கட்டுரையும், நரசிம்மனும் எஸ். ரமணனும் சேர்ந்து எழுதிய கட்டுரையும். குரோதண்டீக் அங்கே முன்வைத்தவற்றை 'ஸ்டாண்டர்ட் கன்ஜெக்சர்ஸ்' என்கிறார்கள். கோணல்களைத் தீர்ப்பதும் இந்த ஊகங்களை நிரூபிப்பதும்தான் இத்துறையின் மிக அவசரமான வேலைகள் என்பது அவருடைய கருத்து. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. குரோதண்டீக் 2014-ல் மறைந்தார். சில வகை வடிவங்களுக்கு விடை கிடைத்திருக்கிறது. பொதுவாக இன்னும் நிரூபணம் இல்லை. டெலீன் கூட இவற்றைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகத்தான் போனார்.

நிரூபணம் இல்லாவிட்டாலும் மோட்டிவின் நிழலை ஒருமுறை தெளிவாகக் காட்டியவர் நரசிம்மன். 1975-ல் அவரும் ஜெர்மனியின் குந்தர் ஹார்டரும், வழவழப்பாக அமையும் பண்டில் பட்டியல்களின் ஜாதகத்தைக் கடிகார எண்களை வைத்தே கணித்தார்கள். வழி அழகானது. நிலையானவை மட்டும் எத்தனை என்று நேரடியாக எண்ணுவது கடினம். நிலையானது, நிலையற்றது எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்பதற்கு ஜெர்மானிய மேதை சீகலின் சூத்திரம் ஒன்று இருந்தது. நிலையற்ற ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறையில்தான் படிப்படியாகப் பிரிக்க முடியும் என்று காட்டி, அவற்றை வகை வகையாகக் கழித்தார்கள். மிச்சம் நிலையானவை. பிறகு டெலீன் நிரூபித்ததை வைத்து, எண்ணிக்கையிலிருந்து ஜாதகம்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1983-ல், மைக்கேல் அட்டியாவும் ராவுல் பாட்டும் அதே பட்டியலுக்கு வேறு திசையிலிருந்து வந்தார்கள். கடிகாரமும் இல்லை, புள்ளி எண்ணுவதும் இல்லை. அணுத்துகள்களைப் பற்றிய இயற்பியலில் வரும் யாங்-மில்ஸ் சமன்பாடுகள். கிடைத்த விடை? ஹார்டரும் நரசிம்மனும் சொன்ன அதே எண்கள்; கழிக்கும் முறை கூட அச்சு அசலாக அதே வடிவம். வீணையில் கேட்ட கல்யாணியே நாகஸ்வரத்திலும் கேட்டது. அதே ஆண்டில் சைமன் டொனால்ட்சன், நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றத்துக்கே இயற்பியல் பக்கத்திலிருந்து புதிய நிரூபணம் கொடுத்தார். 2006-ல் மன்னர் ஃபைசல் பரிசை நரசிம்மனும் டொனால்ட்சனும் பகிர்ந்துகொண்டது பொருத்தம்தான்.

செம்பூரில் ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் இதையெல்லாம் சொன்னால் ஒரு கேள்வி நிச்சயம் வரும். என்ன பயன்? நியாயமான கேள்வி. 1965-ல் அந்தத் தேற்றத்துக்குப் பயன் என்ன என்று கேட்டிருந்தால், அதைச் செய்த இருவருமே இயற்பியலைக் கை காட்டியிருக்க மாட்டார்கள். பதினெட்டு ஆண்டு கழித்து இயற்பியலே வந்து கதவைத் தட்டியது. அடிப்படை ஆராய்ச்சியின் கணக்கை ஆண்டு இறுதியில் முடிக்க முடியாது. முடித்தே ஆக வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு 1, 0, 2 என்றுதான் வரும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அதை யாரும் கேட்பதில்லை. தண்டரையிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வந்தவர்கள் இதைச் செய்ய முடிந்தது எப்படி? மேதைமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே காலத்தில், ஒரே இடத்தில், இத்தனை பேரா? நரசிம்மன், சேஷாத்ரி, ரமணன், எம்.எஸ். ரகுநாதன், 1938-ல் சென்னையில் பிறந்து 36 வயதிலேயே மறைந்துவிட்ட சி.பி. ராமானுஜம். அது விதி அல்ல, ஏற்பாடு. லயோலாவில் சார்லஸ் ராசின் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் புதிய கணிதத்தை அறிமுகம் செய்து, தகுந்தவர்களைப் பம்பாய்க்கு அனுப்பினார். ஹோமி பாபா நிறுவனத்தைத் தொடங்கியது 1945-ல். கே. சந்திரசேகரன் 1949-ல் வந்து கணிதப் பிரிவை எழுப்பினார். அவர் செய்தது ஒன்றுதான். லாரன் ஷ்வார்ட்ஸ், சீகல் போன்றவர்களை அழைத்து வந்து பாடம் எடுக்கச் சொன்னார். இருபது இருபத்திரண்டு வயதுப் பையன்களை உட்கார்த்திக் குறிப்பு எடுக்கச் சொன்னார். அந்தக் குறிப்புகளை அச்சிட்டார். உலகப் பெரியவரின் பாடத்தைப் பிழையில்லாமல் எழுத வேண்டுமென்றால் முதலில் புரிய வேண்டும். புரிந்தவர்கள் பிறகு சும்மா இருக்கவில்லை.

அந்த ஏற்பாடு அரசாங்கத்தின் பணத்தில், அவசரப்படுத்தாமல் நடந்தது. பழைய யாட் கிளப் கட்டடத்தில் வளர்ந்த நிறுவனத்துக்கு 1962-ல் கொலாபா கட்டடத்தை நேரு திறந்துவைத்தார். 'இந்த மாதம் என்ன கண்டுபிடித்தாய்' என்று கேட்டிருந்தால் 1965 வந்திருக்காது. 1953-ல் சேர்ந்தவர்களின் பெருந்தேற்றம் பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்தது.

சேஷாத்ரி 1984-ல் சென்னைக்குத் திரும்பினார். 1989-ல் அவர் தொடங்கிய கணிதப் பள்ளிதான் வளர்ந்து, இன்று சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை ஆராய்ச்சியாளர்களே உட்கார்த்திப் பாடம் சொல்லும் வழக்கத்தை அவர் அங்கே உண்டாக்கினார். 2020-ல் சேஷாத்ரியும் 2021-ல் நரசிம்மனும் காலமானார்கள். பெருந்தொற்று நாட்கள், செய்தி பல பேர் கண்ணில் படவே இல்லை.

தாராவி 90 அடி சாலையில் ஒரு பிள்ளைக்குக் கணிதம் நன்றாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கொலாபாவில் இப்படி ஓர் இடம் இருப்பதை அவளுக்கு யார் சொல்வார்கள்? ஐ.ஐ.டி. கோச்சிங் விளம்பரம் தண்டவாளம் நெடுக இருக்கிறது. இதற்கு விளம்பரம் கிடையாது. சந்திரசேகரன் அச்சிட்ட அந்தப் பாடக் குறிப்புகள் இன்று இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. தடையாக இருப்பது பணம் மட்டுமல்ல. இப்படி ஒரு வேலை உண்டு, அதை நம்மைப் போன்றவர்கள் செய்திருக்கிறார்கள் என்ற தகவல் வீட்டுக்குள் வரவில்லை. மாதுங்காப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் அந்தத் தகவல் வீட்டுக்குள் வந்துவிடும்.

எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்பதை முதலில் மோப்பம் பிடிப்பவர்கள் நாம் என்று மும்பையில் நமக்கு ஒரு பெயர் உண்டு. ஆகவே ஒரு காலியிடத்தை அறிவித்து முடிக்கலாம். 1968 ஜனவரியில் பம்பாயில் வைக்கப்பட்ட கேள்விக்கு இன்னும் முழு விடை இல்லை. அனுபவம் தேவையில்லை. வயது வரம்பு கிடையாது. சிபாரிசு செல்லாது.